சீட்டு வராத மேடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் சென்ற வாரம் ஒரு கட்சியின் பொதுக்கூட்டம் நடந்தது. பேச்சு பாதியில் இருக்கும்போதே நாற்காலிகள் காலியாகிவிட்டன. வேனில் வந்தவர்கள் வேன் எப்போது கிளம்பும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு வரை கலையாத கூட்டங்களைப் பார்த்த எனக்கு வேதனையாக இருந்தது. கைபேசி வந்தபின் இளைஞர்களுக்குப் பொதுவாழ்வில் ஈடுபாடே இல்லை. மேடைப்பேச்சுப் பயிற்சி முகாம் நடத்தி இந்த வழக்கத்தை மீட்க முடியுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வேதனை எனக்கும் உண்டு. சில காலமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்கள் சோம்பலானவை. கைபேசியை விடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியைச் சிலர் சொல்வார்கள், அதையும் விடுங்கள். அதற்குள் பேசி முடிக்கத் தெரியாதவர்களுக்காக நாம் அழ வேண்டியதில்லை. இளைஞர்களைப் பழிப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இரவும் பகலும் இருந்தவர்களை எந்தக் கட்சி வேன் வைத்து அழைத்து வந்தது? தம் மேடையில் அரசியல்வாதிகளுக்கு இடமில்லை என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அன்று நனைந்துகொண்டு நின்றவர்கள் நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. எழுந்து போகக்கூடியவர்கள் எதிரே இருந்ததால்தான் பேசுகிறவர் உழைத்துப் பேசினார். வந்ததற்குக் கூலி வாங்கியவர் முன்னால் அந்த உழைப்புக்கு என்ன தேவை?

இன்னொரு வழக்கமும் இருந்தது. கேட்பவர்கள் தங்கள் ஐயத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். பெரியார் கூட்டங்களில் இது பெயர்பெற்றது. தான் சொல்வதை அப்படியே நம்பாமல் சொந்த அறிவைக் கொண்டு சிந்தித்துப் பார்க்கச் சொன்னவர், எதிர்ப்பாளர்களின் சீட்டுக்கும் பதில் சொன்னார். என் தாய்மாமா சைக்கிள் கடை வைத்திருந்தவர். எந்தக் கட்சியிலும் இல்லாதவர். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் அந்தக் கூட்டத்தின் நோட்டீசின் பின்பக்கத்திலேயே கேள்வியை எழுதி, முன்னால் நிற்பவர் கையில் கொடுத்துவிடுவார். அது கைமாறிக் கைமாறி மேடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் வந்தால் மறுநாள் கடையில் அதைப் பற்றித்தான் வாதம். பேச்சாளர் மழுப்பினாரா, ஒப்புக்கொண்டாரா, கேள்வியே தவறா என்று வீல் கோட்டம் எடுத்துக்கொண்டே பேசுவார். ஒருநாள் ஒரு கூட்டத்தில் மேடையோரம் நின்ற நிர்வாகி சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேச்சு முடியும்வரை மாமா காத்திருந்தார். அதன்பிறகு அவரை யார் கூப்பிட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அந்த நிர்வாகியும் உங்களைப் போலவே மக்களுக்கு ஈடுபாடு குறைந்துவிட்டதாக வருத்தப்பட்டிருப்பார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கலையாத கூட்டங்களைப் பார்த்த நீங்கள், அவற்றில் எழுந்த கேள்விகளில் ஒன்றையாவது நினைவிலிருந்து எழுதியிருக்கலாம். உங்கள் கடிதத்தில் நாற்காலிகள்தான் இருந்தன. கேள்வி கேட்க மேடைதான் வேண்டும் என்பதுமில்லை. கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. முன்பு ஆண்டுக்கு 4 நாட்களாக இருந்த கூட்டத்தை இப்போது 6 நாட்களாக்கியிருக்கிறார்கள். நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?

பயிற்சி முகாமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடத்துங்கள், தடையில்லை, பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்கு நம்மிடம் பஞ்சமும் இல்லை. என்னை அழைப்பதானால் எனக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைச் சீட்டுகளுக்கு விடுங்கள், அவை மேடைக்கு வரும்முன் யாரும் பொறுக்கி எடுக்கக் கூடாது. இதற்குச் சம்மதமென்றால் தேதியைச் சொல்லுங்கள்.