டஸ்டி மில்லர் வெள்ளி நிறம் போய் பச்சையாகுது, அடி இலை கருகுது - பதில்

வணக்கம் சகோ, உங்க டஸ்டி மில்லர் செடிய (வெள்ளி இலை அழகுச்செடி) பால்கனி நிழல்ல வச்சு காலைல சாயங்காலம்னு ரெண்டு வேளை தண்ணி ஊத்துறதா சொன்னீங்கல்ல, பிரச்சனையே அங்கதான். அந்த வெள்ளி நிறம் இலையோடதே இல்ல, மேல இருக்குற பொடி ரோமம், ஒரு பழைய இலைய கட்டைவிரலால அழுத்தி தேய்ச்சு பாருங்க, பஞ்சு மாதிரி வந்துரும், கீழ பச்சைதான் இருக்கும். வெயில தாங்கத்தான் செடி அந்த ரோமத்த போட்டுக்குது, நிழல்ல குறைச்சுக்கும், அதான் பச்சையடிக்குது.

காலை வெயில் 4 மணி நேரமாவது படுற இடத்துக்கு மாத்துங்க. கருகுன இலைய கிள்ளிடுங்க. நர்சரில கோகோபீட்லயே (தேங்கா நார்த் தூள்) வச்சு குடுப்பாங்க, அது ஈரத்த புடிச்சு வேர அழுக வச்சிரும், உதறிட்டு செம்மண் 2 பங்கு ஆத்து மணல் 2 பங்கு தொழுவுரம் 1 பங்குல மாத்தி நடுங்க. விரல் ரெண்டு கணு உள்ள விட்டு காஞ்சிருந்தா மட்டும் தண்ணி, அதுவும் மண்ணுல, இலை மேல வேணாம். மத்தியதரைக்கடல் பக்கத்து செடிங்க இது, அதிக ஈரம் தாங்காது, ஐப்பசி கார்த்திகை மழைல கண்டிப்பா கூரைக்கு அடில வைங்க.

தண்டு இன்னும் கெட்டியா இருந்தா பொழச்சுக்கும், கொழகொழன்னு ஆயிருந்தா மேல நல்லா இருக்குற கொழுந்த வெட்டி மணல்ல குத்தி வைங்க.