விட்டுவிட்டு வரச் சொல்லும் கதவு

கேள்வி: தெருவில் படுத்திருப்பவர்களில் பலர் குடியிலும் போதையிலும் கிடக்கிறார்கள். ‘விட்டுவிட்டு வந்தால்தான் தங்க இடம்’ என்று காப்பகங்கள் சொல்வதில் என்ன தவறு?

பதில்: உயிரோடு விளையாடும் தவறு. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், மறுநாள் காலை தண்ணீர் டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் பாதி நெஞ்சில்தான் கொட்டும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு ஜன்னி கண்டுவிடும்: இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவார், நாள் கிழமை தெரியாது. கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவமனையில் மருந்து கொடுத்து, நடுக்கத்தைப் பார்த்து அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சாப்பாடில்லாமல் குடித்தவருக்கு தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போட வேண்டும். அது கிடைக்காமல் போனால் மூளை பாதித்து, போன ஞாபகம் திரும்பாமலே போகலாம். இவ்வளவையும் நடைபாதையில் ஒற்றை ஆளாகத் தாண்டி வா என்கிறோம்! மாத்திரைப் பையே தலைமாட்டிலிருந்து களவு போகிற இடம் அது.

குளிருக்குக் குடிப்பதாகச் சொல்வார்கள். குடித்தால் ரத்தம் தோலுக்கு ஏறிக் கதகதப்பாகத் தெரியும். உள்சூடோ வெளியேறிக்கொண்டே இருக்கும். விறைத்துச் சாவது அப்படித்தான்.

1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையை மாற்றினார்: முதலில் வீட்டுச் சாவி, சிகிச்சை அவரவர் விருப்பம். பிறகு கனடாவில் ஐந்து நகரங்களில், 2,000-க்கும் அதிகமானவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வீட்டில் நிலைத்தவர்கள் கூடினார்கள். ஆனால் வீடு கிடைத்ததாலேயே போதை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வீடு மருந்தல்ல, மருந்து சாப்பிட ஓர் இடம்.

ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து வேறு மாதிரி. மறுவாழ்வு மையத்தில் சில வாரம் இருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்து போக்கிடமின்றி அதே பாலத்தடிக்குத் திரும்பி, பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். உதடு நீலம், கண்மணி ஊசிமுனை அளவு, தொண்டையில் கொரகொரப்பு, உலுக்கினாலும் அசைவில்லை என்றால் அதைத் தூக்கம் என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். இந்தப் போதையை முறிக்கும் மருந்தான நலாக்சோன் ஸ்பிரே இருந்தால் மூக்கில் அடியுங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து உட்கார்ந்தாலும் தனியே விடக்கூடாது. நலாக்சோனின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் போதை மறுபடி மூச்சை அமுக்கலாம்.