மரக்கன்றும் ராஜகால்வாயும்

மதிப்பிற்குரிய ஐயா,

மாநகராட்சித் தேர்தல் பற்றிய பேச்சு எழுந்ததிலிருந்து, எங்கள் அல்சூர் பகுதியில் போட்டியிட விரும்பும் மூவர் வீடுவீடாக வந்து போகிறார்கள். சுற்றுச்சூழலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மூவரும் மரக்கன்று நடுவோம் என்கிறார்கள். யாருக்கு உண்மையான அக்கறை இருக்கிறது என்பதை எப்படி அறிவது?

வாசகர், அல்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

பெங்களூரில் கடைசி மாமன்றத் தேர்தல் 2015இல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் அதிகாரிகளின் கையில் இருந்த நகரம், 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. இத்தனை காலம் கழித்து ஓட்டுக் கேட்டு வருபவரை நிறுத்தி, விரிவாகக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

மரக்கன்று நடுவதை யாரும் எதிர்க்கமாட்டார்கள். அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். நீங்கள் ராஜகால்வாயைப் பற்றிக் கேளுங்கள். வற்றாத ஆறு இல்லாத இந்த மேட்டு நிலத்தில், ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீரைக் கொண்டு செல்ல அமைந்தவை அந்தக் கால்வாய்கள். இன்று அவற்றில் பலவற்றில் மழைநீரோடு சாக்கடையும் கலந்து ஓடுகிறது. 2016 மார்ச்சில் உங்கள் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அல்சூர் ஏரியும் பெல்லந்தூர் ஏரியும் ஒரே நீர்ப்பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததும், 2017இலும் 2018இலும் தீப்பிடித்துப் புகைந்ததும் அந்தப் பெல்லந்தூர்தான். அங்கிருந்து வர்த்தூர் வழியாகச் செல்லும் நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையில் நுரை பொங்கும் செய்தியைப் படித்து வருந்தும் பெங்களூர்த் தமிழர்கள், அந்த நுரையில் நம் வீட்டுக் கழிவுநீருக்கும் பங்குண்டு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, கால்வாய் மட்டுமே மாநகராட்சியின் பொறுப்பு என்று வேட்பாளர் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் தம் வார்டில் எந்த இடத்தில் சாக்கடை கால்வாயில் விழுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா, அதை அடைக்கும்வரை வாரிய அதிகாரிகளை விடாமல் தொடர்வாரா என்பதே என் கேள்வி. இடத்தைச் சுட்டிக்காட்டத் தெரியாதவருக்கு என் ஓட்டு இல்லை.

அடுத்து, ஆக்கிரமிப்பு. 2022 செப்டம்பரில் நகரின் கிழக்குப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியபோது, கால்வாய்களை மறித்த கட்டடங்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இடிக்கும் இயந்திரம் கிளம்பினால் கரையோரக் குடிசைகளைத்தான் எளிதில் அடையும். அவற்றில் தமிழ்க் கூலித் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு மாற்று வீடு தராமல் அகற்றுவதை ஏற்பீர்களா, செல்வாக்குள்ள ஒருவரின் மதில்சுவர் கால்வாயை நெரித்தால் அதைத் தொடுவீர்களா என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

குப்பையைப் பற்றி நீளமாகக் கேட்க வேண்டாம். பிரித்து வாங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டுவதை நிறுத்துவாரா என்பது போதும்.

ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வார்டு குழுவைத் தவறாமல் கூட்டி, அங்கு எழும் புகார்கள் என்ன ஆயின என்று அடுத்த கூட்டத்திலேயே அறிவிப்பேன் என்ற உறுதிமொழி. மூவரிடமும் கேளுங்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.