போர்முனை காணாத போர்க் கதைகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மருமகள் தந்த ஆங்கிலக் குடும்ப நாவல் ஒன்றில் இரண்டு பாகங்களைப் படித்து முடித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலக் கதை என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஆனால் சமையலறையும் கடிதங்களும் பிள்ளைகளின் படிப்பும்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. இதைப் போர் நாவல் என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அந்தச் சமையலறைக்குள் போர் எப்படி நுழைகிறது என்பதைக் கவனித்துப் படித்தால், இவ்வகை நாவல்களின் உண்மையான கதை எது என்பது தங்களுக்கு விளங்கிவிடும். இங்கிலாந்து போர் அறிவித்தது 1939 செப்டம்பர் 3ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பே நகரத்துக் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது. மூன்றே நாள்களில் குழந்தைகளும் தாய்மார்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். வீட்டில் இடமிருந்தவர்கள் அவர்களை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். ஒரு குழந்தையை வைத்துக்கொள்ள வாரத்துக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் தரப்பட்டது. ஒருவருக்கு மேல் இருந்தால் தலைக்கு எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். லண்டன் கிழக்குப் பகுதியின் ஏழைக் குழந்தையும், அதுவரை அப்படியொரு குழந்தையோடு பேசியே அறியாத கிராமத்துப் பெரிய வீட்டு எஜமானியும் ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தபோது, குண்டு எதுவும் விழாமலேயே ஒரு நாவலுக்குரிய மோதல் பிறந்துவிட்டது.

அடுத்து 1940 ஜனவரி 8ஆம் தேதி ரேஷன் வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு வாரத்துக்கு வெண்ணெய் சுமார் 113 கிராம், சர்க்கரை சுமார் 340 கிராம். அந்த ஜூலையில் தேயிலையும் சேர்ந்து, வாரத்துக்கு 57 கிராம் என்றாயிற்று. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தன் பங்குச் சர்க்கரையைத் தாய் எந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறாள், மாமியார் தன் வெண்ணெய்க் கிண்ணத்தைத் தனியே வைத்துக்கொள்கிறாளா என்பவற்றிலிருந்தே அந்த வீட்டின் அன்பும் மனத்தாங்கலும் தெரிந்துவிடும். 1941 ஜூன் முதல் தேதி முதல் துணிக்கும் கூப்பன் வந்தது: ஆண்டுக்கு ஒருவருக்கு 66. ஒரு கம்பளி உடைக்கே 11 கூப்பன் போய்விடும் என்பதால், வீட்டில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் என்றால் அத்தைமார் தம் கூப்பன்களைத் தரவேண்டியிருந்தது. யார் தருகிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்பதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதலாம்.

இவற்றையெல்லாம்விட ஆழமான மாற்றத்தை 1941 டிசம்பரில் வந்த சட்டம் உண்டாக்கியது. 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களைப் படைத் துணைப்பிரிவுகளிலோ தொழிற்சாலையிலோ பிற போர்ப் பணிகளிலோ சேரும்படி அரசு கட்டாயப்படுத்த அது வழிசெய்தது. மகள் வேலைக்குப் போவதை விரும்பாத தகப்பனாரின் அதிகாரம் ஓர் அரசு ஆணையின்முன் செல்லாமல் போகிறது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் அந்த மகள் பழைய மகளாக இருப்பதில்லை. மூன்று தலைமுறைகள் ஒரு வீட்டில் இருக்கும் குடும்பக் கதையே இதைச் சொல்ல ஏற்ற வடிவம். ஏனெனில் 1914–18 போரின் நினைவோடு வாழும் தகப்பன், அடுத்த போருக்குத் தன் மகன் புறப்படுவதைப் பார்க்கும் காட்சிக்கு அந்த வடிவமே இடம் தருகிறது.

கேள்வி: இவ்வகை நாவல்கள் ஏராளமாக வெளிவருகின்றன. தரமானதைப் பிரித்தறிவது எப்படி?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். போர் 1945 மே 8ஆம் தேதி ஐரோப்பாவில் முடியும் என்பது வாசகருக்குத் தெரியும், கதைமாந்தருக்குத் தெரியாது. 1940 ஜூனில், பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்ட பிறகு, ஜெர்மானியர் கரையிறங்குவார்கள் என்றே தென்கரையில் வாழ்ந்த குடும்பங்கள் எதிர்பார்த்தன. அந்தக் கோடையில் ஒரு பெண் தோட்டத்தில் விதை போடுவதா வேண்டாமா என்று தயங்குவதை நம்பும்படி எழுதுபவர் நல்ல எழுத்தாளர். வெற்றி உறுதி என்ற தெம்போடு தம் மாந்தரைப் பேசவைப்பவர் 1940ஆம் ஆண்டுக்குள் நுழையவே இல்லை.

தகவல் பிழைகளும் எழுத்தாளரின் உழைப்பைக் காட்டிக்கொடுக்கும். போர்க் காலத்தில் ரொட்டிக்கு ரேஷன் இருந்ததாக ஒருவர் எழுதினால், அவர் அந்தச் சமையலறையை அறியாதவர் என்று கொள்ளலாம். ரொட்டிக்கு ரேஷன் வந்ததே போர் முடிந்தபின், 1946 ஜூலையில்தான். வெற்றி நாளின் கொடிகளோடு கதையை முடித்துவிடும் நாவல்களிலும் எனக்கு மனநிறைவு உண்டாவதில்லை. ரேஷன் முற்றிலும் ஒழிய 1954 ஜூலை 4 வரை ஆயிற்று. அதற்கிடையே, ஆறு ஆண்டுகளாகப் பாதி அந்நியராகிவிட்ட கணவனும் மனைவியும் மீண்டும் ஒரே வீட்டில் வாழப் பழகவேண்டியிருந்தது. 1947இல் மட்டும் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 60,000 மணமுறிவுகள் நிகழ்ந்தன. குடும்பக் கதை என்று பெயர் வைத்துக்கொண்டு அந்த ஆண்டுகளைத் தொடாமல் விடுவது பெருங்குறை.

கேள்வி: இவை பெண்கள் பொழுதுபோக்குக்காகப் படிப்பவை என்று என் நண்பர் ஒதுக்குகிறார். சரியா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: சரியில்லை. 1940 செப்டம்பர் 7 முதல் மறு ஆண்டு மே வரை பிரிட்டன்மீது ஜெர்மானியர் நடத்திய குண்டுவீச்சில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் தங்கள் ஊர்களிலேயே இறந்தார்கள். அவர்களுடைய கதையைப் பொழுதுபோக்கு என்று தள்ள எந்த நியாயமும் இல்லை.

கேள்வி: இந்த நாவல்களில் இந்தியா என்பது தேயிலை வரும் இடமாகவும் மாமா ஒருவர் உத்தியோகம் பார்க்கும் இடமாகவும்தான் தோன்றுகிறது. நாம் இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– வாசகி, அடையாறு

பதில்: தங்கள் வருத்தம் நியாயமானது. இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்து போரிட்டார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்ததாகப் பலரும் கணிக்கிறார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பங்கீட்டு முறை ஏழை வீட்டுக்கும் குறைந்தபட்ச உணவை உறுதிசெய்தது. ஒரு சஸெக்ஸ் கிராமத்து இல்லத்தரசிக்கு வங்கம் தெரியாமலிருப்பது இயல்பு. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் இன்று எழுதும் ஆசிரியருக்கும் அது தெரியாமலிருந்தால், அந்தத் தேநீர்க் கோப்பையைப் பற்றிய அவருடைய விவரணை பாதியில் நிற்கிறது. கதையை முழுமனத்தோடு படியுங்கள்; இந்தக் கணக்கும் உடன் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: 1942இல் சென்னையை விட்டு வெளியேறிய எங்கள் குடும்பத்தைப் பற்றி இதே பாணியில் நாவல் எழுத விரும்புகிறேன். கல்லூரி மாணவி நான். எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. இங்கிலாந்தின் சாயலைப் பின்பற்றாமல், நம் ஊரின் நிகழ்வுகளிலிருந்தே தொடங்கு அம்மா. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன். அவ்விரண்டு ஊர்களிலும் கணவனையோ மகனையோ விட்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களின் கதை பல வீடுகளில் இன்னும் வாய்மொழியாக இருக்கிறது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதன்பின்தான் சென்னை கிட்டத்தட்டக் காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் பலவும் உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தன.

கிராமத்திலிருந்த உறவினர் வீட்டில் போய் இறங்கிய பட்டணத்துக் குடும்பத்தை அந்த வீடு எத்தனை நாள் முகம் கோணாமல் வைத்திருந்தது, யார் பாத்திரம் யார் அடுப்பில் ஏறியது, பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குக் காவல் இருந்தவர் யார் என்பவற்றை உன் பாட்டியிடமும் அவர் வயதொத்தவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள். தேதிகளை அவர்களிடம் எதிர்பார்க்காதே. அவற்றுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. அக்காலத்துச் சுதேசமித்திரனையும் தினமணியையும் தேடி, தலைப்புச் செய்திகளோடு விளம்பரங்களையும் விலைவாசிப் பகுதியையும் படி. உன் கதைமாந்தர் நாளிதழைப் பிரிக்கும் காட்சியை எழுதும்போது, அன்று அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது மட்டுமே உன் கையில் இருக்கவேண்டும். ரங்கூனிலிருந்து கடிதம் வராத வீட்டில், மகன் இருக்கிறானா இல்லையா என்பதை நீயும் முன்கூட்டி முடிவு செய்துவிடாமல் சில அத்தியாயங்கள் எழுதிப் பார்.

கேள்வி: ஒரே ஒரு தொடரைப் பரிந்துரைக்கச் சொன்னால்?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: எலிசபெத் ஜேன் ஹோவர்ட் எழுதிய கேஸலட் குடும்ப வரிசை. 1923இல் பிறந்த அவர் போர்க் காலத்தில் இளம்பெண்ணாக இருந்தவர். மரவணிகம் செய்யும் ஒரு குடும்பத்தின் சஸெக்ஸ் வீட்டில், 1937இல் கதை தொடங்குகிறது. முதல் நான்கு பாகங்கள் 1990க்கும் 1995க்கும் இடையே வெளிவந்தன, ஐந்தாவது 2013இல். பிரான்சில் காணாமற்போன தந்தை உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சிறுமி ஆண்டுக்கணக்கில் பிடிவாதமாக நம்பும் பகுதிகளுக்காகவே இதைப் படிக்கலாம். பாத்திரங்கள் மிகுதி என்பதால், முதல் பாகத்தில் தரப்பட்டுள்ள குடும்ப மரத்தை நகலெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.