காயம் தெரியாவிட்டாலும் அது சித்திரவதைதான்

சகோதரி, மும்பை போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் தம்பியை ராத்திரி முழுக்க நிற்கவைத்து, தூங்கவிடாமல், "ஒத்துக்கோ" என்று மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அடித்த காயம் இல்லை, அதனால் புகார் நிற்காது என்று சொன்னவர் பேச்சை விட்டுவிடுங்கள். வாக்குமூலத்துக்காக அரசு ஊழியர் வேண்டுமென்றே தரும் கடும் வேதனை, உடலுக்கோ மனதுக்கோ, சித்திரவதைதான் என்கிறது ஐ.நா.வின் 1984 உடன்படிக்கை. 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்பட ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

கணுக்கால் வீங்கி செருப்பு நுழையவில்லை என்றீர்களே, அதுவே சாட்சி. இரண்டு மூன்று நாளில் வற்றிவிடலாம், அதனால் நாளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே தம்பி வாய்விட்டுச் சொல்லட்டும், காலைக் காட்டட்டும். மருத்துவப் பரிசோதனை கேளுங்கள், அறிக்கையின் நகல் வாங்குங்கள். ஸ்டேஷன்களில் கேமரா கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; தேதி, நேரம் குறித்து, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுதவேண்டும். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். மிரட்டிய வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்.