காரணமும் கட்டாயமும்: விருப்பச் சுதந்திரம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: உலகில் நடப்பவை யாவும் இயற்கை விதிகளின்படியே நடக்கின்றன என்றால், என் முடிவுகளும் அப்படித்தானே நடக்கும்? பிறகு 'நான் தேர்ந்தெடுத்தேன்' என்று சொல்வதற்கு என்ன பொருள் இருக்கிறது?

பதில்: இந்தக் கேள்விக்கு மிகக் கூர்மையான வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ். ஒரு கணத்தில் உலகிலுள்ள எல்லாப் பொருள்களின் நிலையையும் அவற்றின்மீது செயல்படும் எல்லா விசைகளையும் அறிந்த பேரறிவு ஒன்று இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலத்தைப் போலவே ஐயமின்றித் தெரியும் என்று 1814-இல் அவர் எழுதினார். இதைப் படித்ததும், நம்மை ஏதோ ஒன்று பிடித்து இழுத்துச் செல்கிறது என்ற அச்சம் பலருக்கு வருகிறது. காரணம் இருப்பதும் கட்டாயம் இருப்பதும் ஒன்றே என்று எண்ணுவதால் வரும் அச்சம் அது. ஒருவர் பத்திரத்தை முழுவதும் படித்து, நன்மை தீமைகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். இன்னொருவர் கழுத்தில் கத்தி இருக்கும் நிலையில் கையெழுத்திடுகிறார். இரண்டு கையெழுத்துகளுக்கும் காரணங்கள் உண்டு. முதலாமவரிடம் அக்காரணங்கள் அவருடைய சொந்த யோசனையாகவே செயல்பட்டன. இரண்டாமவரிடமோ பிறர் விருப்பம் அவருடைய விருப்பத்தின் இடத்தைப் பறித்துக்கொண்டது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹ்யூம் 1748-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வற்புறுத்தினார்: விரும்பினால் செய்யவும் விரும்பாவிட்டால் செய்யாதிருக்கவும் இயலுவதே சுதந்திரம், சிறையிலோ விலங்கிலோ இல்லாத எவருக்கும் அது உண்டு.

ஹ்யூமின் விளக்கம் சரியான திசையில் இருக்கிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. குடியை விட்டுவிட வேண்டும் என்று மனமார ஏங்கும் ஒருவர் மீண்டும் மீண்டும் குடிக்கிறார். யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அந்த நேரத்தில் விரும்பியதைத்தான் அவர் செய்கிறார். ஆயினும் அவரைச் சுதந்திரமானவர் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1971-இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தை நுட்பமாகத் தொட்டார். மனிதருக்கு விருப்பங்கள் மட்டுமல்ல, தம் விருப்பங்களைப் பற்றிய விருப்பங்களும் உண்டு. எந்த விருப்பம் நம்மைச் செயலுக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அதுவே இட்டுச்செல்லும்போது விருப்பச் சுதந்திரம் கைகூடுகிறது என்றார். இதனுடன் நான் ஒன்றைச் சேர்ப்பேன். மேல்நிலையில் இருக்கும் அந்த விருப்பமும் பிறரால் ஊட்டப்பட்டதாக இருக்கலாம் அல்லவா? எனவே, நல்ல நியாயம் ஒன்று எதிரே வரும்போது அதைக் காதில் வாங்கி, தேவையானால் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலும் வேண்டும். அந்த ஆற்றல் காரணங்களற்ற வெற்றிடத்தில் பிறப்பதில்லை. கல்வி, பழக்கம், உரையாடல் போன்ற காரணங்களால்தான் அது வளர்கிறது. ஆகவே அது எல்லாரிடத்தும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஒரே மனிதரிடத்தும் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை.

கேள்வி: குவாண்டம் இயற்பியல் அணுக்களின் நடத்தையில் நிச்சயமின்மையைக் காட்டுகிறதே, விருப்பச் சுதந்திரத்திற்கு அது இடம் தராதா?

பதில்: தராது என்றே கருதுகிறேன். அணுக்கள் எப்போதாவது காரணமின்றிச் சற்றே விலகுகின்றன என்று பழங்கிரேக்கத்தின் எபிகியூரஸ் மரபினர் சொன்னபோதும் இதே நம்பிக்கைதான் இருந்தது. என் மூளையில் தற்செயலாக நிகழும் ஒரு துள்ளல் என் கையை உயர்த்துமானால், அது எனக்கு நேர்ந்த ஒன்றே தவிர நான் செய்த ஒன்றாகாது.

கேள்வி: நாம் முடிவெடுப்பதாக உணர்வதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று ஆய்வுகள் நிறுவிவிட்டதாகச் சொல்கிறார்களே?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். பங்கேற்றவர்கள் தமக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். அசைக்கும் எண்ணம் எழுந்த கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளி ஒன்றின் இடத்தை வைத்துச் சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 0.2 வினாடி முன்புதான் எண்ணம் எழுந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் மூளையில் ஆயத்தத்தைக் காட்டும் மின் மாற்றம் அரை வினாடிக்கும் சற்று முன்பே தொடங்கியிருந்தது. இதிலிருந்து சுதந்திரம் வெறும் மாயை என்ற முடிவுக்குப் பலர் தாவினார்கள், லிபெட் தாவவில்லை. எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் வாய்ப்பு உணர்வுக்கு உண்டு என்றே அவர் கருதினார். அந்த மின் மாற்றம் எடுத்து முடிக்கப்பட்ட முடிவின் அடையாளம் என்பதும் உறுதியன்று. மூளையில் இயல்பாகவே ஏறி இறங்கும் செயல்பாடு தற்செயலாக ஒரு வரம்பைத் தாண்டும்போது அசைவு நிகழ்கிறது என்று கொண்டாலும் லிபெட் கண்ட அதே மின் மாற்ற வரைபடம் கிடைக்கும் என்று மூளை ஆய்வாளர் ஆரன் ஷூர்கரும் அவருடைய குழுவினரும் 2012-இல் காட்டினார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கணத்தில் மணிக்கட்டை அசைப்பதா, அடுத்த கணத்திலா என்பதற்கு எந்த நியாயமும் தேவையில்லை. வேலையை விடுவதா, ஒரு நண்பரிடம் கசப்பான உண்மையைச் சொல்வதா என்று நாள்கணக்கில் யோசித்து எடுக்கும் முடிவுகளை அந்த ஆய்வு தொடவே இல்லை.

கேள்வி: எல்லாம் முன்பே அமைந்தது என்றால் முயற்சி எதற்கு?

பதில்: நோய் தீரும் என்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் தீரும், அழைக்காவிட்டாலும் தீரும் என்ற வாதத்தைப் பழங்காலத்தவர் 'சோம்பேறி வாதம்' என்றே அழைத்தார்கள். ஸ்டோயிக் மெய்யியலாளர் கிரிசிப்பஸ் இதற்குச் சொன்ன விடை இன்றும் செல்லும்: நோய் தீர்வது விதிக்கப்பட்டிருந்தால், மருத்துவரை அழைப்பதும் அதனுடன் சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கலாம். அதாவது முயற்சியும் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதை நீக்கினால் விளைவும் நீங்கும். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று கேட்ட வள்ளுவரே, தளராது முயல்பவர் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' (விதியையும் புறங்காட்டச் செய்வர்) என்றும் சொன்னதை இந்த நோக்கில் படித்துப் பாருங்கள்.

கேள்வி: என் குணத்தை நான் உருவாக்கவில்லை. அப்படியிருக்க, குணத்தால் விளைந்த குற்றத்திற்கு என்னைத் தண்டிப்பது எப்படி நியாயமாகும்?

பதில்: இந்த வரிசையில் மிகக் கடினமான கேள்வி உங்களுடையதுதான். செயலுக்கு முழுப் பொறுப்பேற்க வேண்டுமானால் அச்செயலைப் பிறப்பித்த குணத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும், அக்குணத்தைப் பிறப்பித்த முந்தைய குணத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று இது முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும். எனவே இறுதியான பொறுப்பு எவருக்கும் இயலாது என்று பிரிட்டிஷ் மெய்யியலாளர் கேலன் ஸ்ட்ராசன் 1994-இல் வாதிட்டார். அவருடைய தந்தை பீட்டர் ஸ்ட்ராசனோ 1962-இலேயே வேறு வழியில் சென்றிருந்தார். நன்றி, மனத்தாங்கல், மன்னிப்பு ஆகியவை மனித உறவின் அடித்தளம். நியதிவாதம், அதாவது எல்லாம் முந்தைய காரணங்களால் முன்பே அமைந்தது என்ற கொள்கை, மெய்யா பொய்யா என்று பார்த்துவிட்டு நாம் அவற்றைக் கைவிடப்போவதில்லை என்பது அவர் நிலைப்பாடு.

மகனின் வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அது வீழ்த்துவது ஒரு குறிப்பிட்ட வகைத் தண்டனையைத்தான்: எந்தப் பயனும் கருதாமல், துன்பம் ஒருவருக்கு உரியது என்பதற்காக மட்டுமே தரப்படும் தண்டனையை. அவ்வகைத் தண்டனையை நியாயப்படுத்த முடியும் என்று நான் இப்போது நம்பவில்லை. பிறரைக் காப்பதற்காகத் தடுப்பதும், செய்ததற்கு விளக்கம் கேட்பதும், ஈடுசெய்யச் சொல்வதும் இறுதிப் பொறுப்பை வேண்டுவன அல்ல. குற்றம் செய்தவரால் நியாயங்களைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்ள இயலும் என்பதே அவற்றுக்குப் போதும். சிறு குழந்தையையும் கடும் மனநோயில் இருப்பவரையும் சட்டம் வேறாக நடத்துவதற்கும் அந்த ஆற்றலின் குறைவே காரணம். அவர்களுக்கு நாம் தரும் அக்கறையில் ஒரு பங்கையேனும், கொடுமைக்கு நடுவே வளர்ந்து குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.