கேள்வி பதில்: யூபிஎஸ் வாங்கறதுக்கு முன்னாடி வாட்டைப் பாருங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல யூபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் பேட்டரில கம்ப்யூட்டரை ஓட்டற பெட்டி) பத்திதான், அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: வீட்ல ஒரே ஒரு டெஸ்க்டாப் சார். பகல்ல நான் கணக்கு வேலை பாக்கறேன், சாயங்காலம் பொண்ணு ப்ராஜெக்ட் பண்றா. கரண்ட் பொசுக்குனு போயி எக்ஸெல் ஃபைலே கெட்டுப் போச்சு. 600 விஏ போதும்னு ஒருத்தர் சொல்றாரு, 1100 எடுத்தாதான் ஒரு மணி நேரம் தாங்கும்னு இன்னொருத்தர் சொல்றாரு. எதை வாங்கறது?

பதில்: பெட்டி மேல பெருசா போட்டிருக்கற விஏ (வோல்ட் ஆம்பியர், அதாவது வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கின அளவு) நம்பரை கொஞ்ச நேரம் மறந்துருங்கம்மா. பின்பக்கம் திருப்பினா ஸ்டிக்கர்ல சின்ன எழுத்துல வாட்னு இன்னொரு நம்பர் இருக்கும், நிஜமா எவ்ளோ பவர் கொடுக்கும்ங்கறது அது, உங்களுக்கு வேண்டியது அதுதான். வீட்டுக்குன்னு விக்கற பல மாடல்ல 600 விஏன்னா 360 வாட், 1000 விஏன்னா 600 வாட், அதாவது விஏல 60 சதவீதம். இப்ப வர்ற நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்டை மாத்திக் கொடுக்கற பெட்டி) எல்லாம் பவர் ஃபாக்டரை, அதாவது விஏல எத்தனை பங்கு வாட்டுங்கறதை, ஒண்ணுக்கு பக்கத்துல வச்சிருக்கும், அதனால அதுங்களுக்கு விஏவும் வாட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, 360 வாட்டைத் தாண்டுச்சுன்னா 600னு எழுதியிருந்தாலும் யூபிஎஸ் ஓவர்லோடுன்னு கத்திட்டு கையை விரிச்சுரும்.

அடுத்து உங்க மெஷின் எவ்ளோ இழுக்குதுன்னு தெரியணும். எஸ்எம்பிஎஸ் மேல 450 வாட்னு இருக்கறதைப் பாத்து பயப்படாதீங்க, அது எஸ்எம்பிஎஸ் கொடுக்கக்கூடிய உச்சம்தானே தவிர எப்பவும் இழுக்கறது இல்ல. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து கணக்கு வேலைக்கு பெரும்பாலும் 100 வாட் சுத்திதான் வரும். கேமிங் கார்டு போட்டிருந்தா கதையே வேற, விளையாடும்போது 300, 400ன்னு சாதாரணமா போகும். பிளக்குல சொருகி வாட் காட்டற சின்ன மீட்டர் யார்கிட்டயாவது இருந்தா வாங்கி, மெஷினை நல்லா வேலை வாங்கிகிட்டே ஒரு தடவை பாத்துருங்க, அதுல வர்ற நம்பர் யூபிஎஸ்ஸோட வாட்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல போகாம இருந்தா நிம்மதி.

இப்ப அந்த ஒரு மணி நேரம். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. எவ்ளோ நேரம் ஓடும்ங்கறதை முடிவு பண்றது உள்ள இருக்கற பேட்டரி, விஏ இல்ல. 600 விஏ பெட்டிக்குள்ள சாதாரணமா இருக்கறது ஒரு 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், எவ்ளோ சேத்து வைக்கும்ங்கற அளவு) பேட்டரி, பெருக்கினா 84 வாட் ஹவர், அப்போ 100 வாட்டுக்கு ஐம்பது நிமிஷம் வரணுமேன்னு தோணும், ஆனா அந்த 7 ஏஹெச்ங்கறது இருபது மணி நேரமா சொட்டு சொட்டா எடுத்தா கிடைக்கற கணக்கு, மொத்தமா ஒரே இழுவையா இழுத்தா லெட் ஆசிட் பேட்டரி அதுல பாதியைக் கூட சில சமயம் தராது, பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டா மாத்தற இன்வெர்ட்டர் சர்க்யூட் வேற தன் பங்குக்கு கொஞ்சம் தின்னுரும். பேட்டரி புதுசா இருக்கறப்ப 100 வாட்டுக்கு பதினஞ்சு இருபது நிமிஷம், 200 வாட்டுக்கு பத்து நிமிஷத்துக்குள்ளன்னு மனசுல வச்சுக்கங்க. 1000, 1100 மாடல்கள்ல சிலதுல ரெண்டு பேட்டரி இருக்கும், சிலதுல ஒண்ணுதான், அதனால கடைல கேக்க வேண்டிய கேள்வி "உள்ள எத்தனை பேட்டரி, எத்தனை ஏஹெச்?"

உங்க வேலைக்கு 600 விஏ தாராளமா போதும். ஃபைலை சேவ் பண்ணி ஒழுங்கா ஷட் டவுன் பண்ண அஞ்சு நிமிஷம் கிடைச்சா அது தன் வேலையை செஞ்சிருச்சு. ஆனா ஏவிஆர் (வோல்டேஜைத் தானா சரி பண்ற வசதி) இருக்கற லைன் இன்டராக்டிவ் மாடலா பாத்து எடுங்க. வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அது டிரான்ஸ்ஃபார்மர் வச்சே சரி பண்ணிரும், பேட்டரியைத் தொடாது. வெறும் ஆஃப்லைன் வகை ஒவ்வொரு தடவை வோல்டேஜ் ரொம்ப இறங்கும்போதும் பேட்டரிக்கு ஓடும், அதனால பேட்டரி சீக்கிரம் செத்துப் போகும். எப்பவும் இன்வெர்ட்டர் வழியாவே கரண்ட் கொடுக்கற ஆன்லைன் யூபிஎஸ் இன்னும் உசத்திதான், ஆனா ஃபேன் எப்பவும் இரைஞ்சுகிட்டே இருக்கும், சூடும் ஜாஸ்தி, வீட்டு டெஸ்க்டாப்புக்கு அது தேவையே இல்ல.

இன்னொண்ணு, யூஎஸ்பி போர்ட் இருக்கற மாடலா இருந்தா கேபிளை கம்ப்யூட்டர்ல சொருகிருங்க. பெரும்பாலான மாடல்களை விண்டோஸ் லேப்டாப் பேட்டரி மாதிரியே காட்டும், சார்ஜ் குறைஞ்சா தானா ஹைபர்னேட் ஆகற (திறந்திருக்கறதை டிஸ்க்ல சேவ் பண்ணிட்டு அணையற) மாதிரி பவர் ஆப்ஷன்ஸ்ல வச்சுக்கலாம். லினக்ஸ்ல இதுக்கு நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்ங்கற சாஃப்ட்வேர் இருக்கு. வீட்ல யாரும் இல்லாதப்ப கரண்ட் போனா உங்க ஃபைலைக் காப்பாத்தறது இந்த ஒரு கேபிள்தான்.

கேள்வி: புதுசா பிசி பில்டு பண்ணேன், யூபிஎஸ்ஸும் இருக்கு, லோடும் கம்மிதான். ஆனா கரண்ட் போன உடனே பிசி ஆஃப் ஆயிடுது, யூபிஎஸ் மட்டும் பீப் பீப்னு கத்திகிட்டு உயிரோட இருக்கு. ஏன்?

பதில்: உங்க எஸ்எம்பிஎஸ்ல 80 பிளஸ்னு (கரண்டை வீணாக்காததுக்கான சான்று) ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, அநேகமா இருக்கும். அப்படின்னா அதுல ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபாக்டரை சரி பண்றது) இருக்கு, அது உள்ள வர்ற வோல்டேஜ் அலையோட வளைவைப் பின்தொடர்ந்து கரண்ட் இழுக்கற சர்க்யூட். விலை கம்மியான யூபிஎஸ் பேட்டரில ஓடும்போது கொடுக்கறது சுவர் பிளக்குல வர்ற மாதிரி வளைவான சைன் வேவ் கிடையாது, படிப்படியா ஏறி இறங்கற ஸ்டெப் வேவ், நடுவுல கொஞ்ச நேரம் வோல்டேஜ் பூஜ்யத்துலயே நிக்கும். சில எஸ்எம்பிஎஸ் இதை சகிச்சுக்கும், சிலது திடீர்னு பெருசா கரண்ட் இழுக்கும் இல்லன்னா பாதுகாப்புக்குன்னு தானே அணைஞ்சுரும்.

மாறற நேரமும் ஒரு காரணமா இருக்கலாம். கரண்ட் போனதுல இருந்து பேட்டரி கைக்கு வர சாதாரணமா 4ல இருந்து 10 மில்லி செகண்ட் ஆகும், எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டர்ல இருக்கறதை வச்சு 16 மில்லி செகண்ட் போல தாக்குப் பிடிக்கணும்ங்கறது கணக்கு. மட்டமான எஸ்எம்பிஎஸ் ஃபுல் லோடுல அந்த அளவுக்கு நிக்காது. கேம் ஓடும்போது மட்டும் அணைஞ்சு, சும்மா இருக்கும்போது அணையலன்னா யூபிஎஸ்ஸோட வாட் எல்லையையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகப்படுங்க. சும்மா இருக்கும்போதே அணைஞ்சா ஸ்டெப் வேவ் மேலதான் எனக்கு சந்தேகம், முடிஞ்சா பியூர் சைன் வேவ் யூபிஎஸ் ஒண்ணை இரவல் வாங்கி சொருகிப் பாத்துட்டு அப்புறம் மாத்துங்க.

கேள்வி: வீட்டுக்கே இன்வெர்ட்டர் இருக்கு, தனியா யூபிஎஸ் எதுக்கு?

பதில்: பல இன்வெர்ட்டர்ல பின்னாடியோ பக்கத்துலயோ யூபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டா சீக்கிரமா மாறும். அதுல கம்ப்யூட்டர் அணையாம இருந்தா தனியா வாங்க வேண்டாம், லைட் ஃபேனோட சேர்த்து மொத்த லோடை மட்டும் பாத்துக்கங்க. அணைஞ்சுதுன்னா சின்ன யூபிஎஸ் ஒண்ணு நடுவுல வச்சா போதும், ஆனா ஸ்டெப் வேவ் இன்வெர்ட்டர்னா சில யூபிஎஸ் அந்தக் கரண்டை ஏத்துக்காம பேட்டரிலயே ஓடித் தீர்ந்துரும், வாங்கறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க.

கேள்வி: பிரிண்டரையும் அதுலயே சொருகலாமா?

பதில்: லேசர் பிரிண்டரா இருந்தா கண்டிப்பா கூடாது. பேப்பரை சூடாக்கற ஃபியூசர் ஒரு நொடில பல நூறு வாட் இழுக்கும், மொத்தமும் அணைஞ்சுரும். இங்க்ஜெட்னா பிரச்சனை இல்ல. அந்த இடத்துல ரவுட்டரை சொருகுங்க, அது 10 வாட் சுத்திதான் தின்னும்.

கேள்வி: யூபிஎஸ் வாங்கி மூணு வருஷம் ஆகுது, இப்ப ஒரு நிமிஷம் கூட நிக்கல. தூக்கிப் போட்டுரலாமா?

பதில்: அவசரப்படாதீங்க, போயிருக்கறது பேட்டரியாதான் இருக்கும். சீல்டு லெட் ஆசிட் பேட்டரி ரெண்டு மூணு வருஷம் உழைக்கும், சூடான இடம்னா அதுவும் இல்ல, 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு ஏறக்குறைய பாதியா குறையும். அதனால டேபிளுக்கு அடில காத்து வராத மூலைல திணிக்காதீங்க.

மாத்தறதுக்கு முன்னாடி யூபிஎஸ்ஸை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிருங்க. பழைய பேட்டரி மேல இருக்கற வோல்ட், ஏஹெச், நீள அகல உயரம், அப்புறம் முனையோட அகலம் எல்லாத்தையும் குறிச்சுக்கங்க. முனை 4.8 மில்லிமீட்டர், 6.3 மில்லிமீட்டர்னு ரெண்டு அளவுல வரும், மாத்தி வாங்கினா ஒயர் லூசா உக்காந்து சூடாகும். சிவப்பு ப்ளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. ரெண்டு பேட்டரி மாடல்னா ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க, புதுசும் பழசும் கலந்தா புதுசும் கெட்டுரும். பேட்டரி உப்பியிருந்தா நெம்பி எடுக்காதீங்க, தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுங்க.

புதுசு போட்டதும் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏத்திட்டு, கம்ப்யூட்டருக்கு பதிலா 60 வாட் பழைய குண்டு பல்பு ஒண்ணை சொருகி சுவர் ஸ்விட்சை அணைச்சுப் பாருங்க. பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் கனெக்‌ஷன் இருக்கட்டும். எத்தனை நிமிஷம் எரியுதுன்னு ஒரு பேப்பர்ல தேதியோட எழுதி யூபிஎஸ் மேலயே ஒட்டிருங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதையே செஞ்சா பேட்டரி எப்ப இளைக்குதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுரும். பழைய பேட்டரில ஈயமும் ஆசிட்டும் இருக்கு, குப்பைல போடாம புதுசு விக்கறவங்ககிட்டயே குடுத்துருங்க.